மெய்யெழுத்து

நாங்குநேரி முன்சீப் கோர்ட்டில்
ஒரு வரப்பு வழக்கில்
யாரும் சாகாத கொலையொன்றை
டைப் அடித்தவள் நான்.

கூண்டில் நின்ற உச்சிமாகாளி
"எங்க அண்ணந்தாம்மா சொன்னான்" என்றார்.
கொன்னான் என்று விழுந்தது எனக்கு.
விரல் யோசிக்காது, பதினாறு வருஷப் பழக்கம்:
'என் அண்ணன்தான் கொன்றான்.'

வாசித்துக் காட்டியபோது
பின்பெஞ்சில் இருந்த அண்ணன் எழுந்தார்.
"ஏலே, நான் யாரக் கொன்னேன்?"
வக்கீல் குமாஸ்தா வரைக்கும் சிரிப்பு.
நீதிபதி அம்மா மட்டும்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்,
"பரமகல்யாணி, லீவு போட்டுட்டு காதைக் காட்டுங்க."

காதையா?
எனக்குத் தலையில்தானே நோவு.
பதிமூன்று வயதில் கணக்குப் பரீட்சைக்குப் போகையில்
வள்ளியூர் பஸ் ஜன்னலோரம்
ரம்பப் பல் போல ஒரு வெளிச்சம் ஊர்ந்தது.
பின்னாலேயே வந்தது,
வலது புருவத்துக்கு மேல்
காற்றாலை நட்டது போல.
அன்றிலிருந்து மாதம் மூன்று.
ஆடிக் காற்றில் ஐந்தும் உண்டு.

ஈரத்துணியைக் கண்ணில் போட்டு
கதவிடுக்கில் சாக்கைத் திணித்துப் படுத்துக்கொண்டு
அப்போதெல்லாம் நான் கேட்டது ஒன்றுதான்.
சத்தம் வேண்டாம்.
குக்கர் வேண்டாம், எதிர்வீட்டு மிக்ஸி வேண்டாம்,
குருசாமி செருப்பைத் தேய்த்து நடக்க வேண்டாம்.
கோயில் கொடைக்குக் குழாய் கட்டுகிறார்கள் என்றாலே
குமட்டும்.
எத்தனை தடவை கேட்டிருப்பேன்.
யாரோ கேட்டுவிட்டார்கள்.
தவணையில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாளையங்கோட்டை, ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி.
கண்ணாடி அறை. காதில் ஹெட்போன்.
சத்தம் வந்தால் பொத்தானை அமுக்கணும்.
வராததற்கும் அமுக்கினேன்.
பையன் கண்டுபிடித்துவிட்டான்:
"அக்கா, இது பரீட்சை இல்ல."

வலது காதுக்கு அவன் போட்டுத் தந்த கோடு
மேற்கே களக்காட்டு மலையில் புறப்பட்டு
ஏர்வாடி, நாங்குநேரி வரை ஒழுங்காய் வந்து
திசையன்விளை தாண்டியதும்
செந்தேரி மணலில் இறங்கிப் புதைந்துபோனது.
டாக்டர் ஜெஸ்லின் அந்த மணலில் பேனாவை வைத்தார்.
"ச, க, த எல்லாம் இங்கதான் இருக்கு."

ஒற்றைத் தலைவலியாலயா டாக்டர்?
இருக்கலாம்.
தலையில் ரத்தக்குழாய் சுருங்குகையில்
உள்காதுக்குப் போகிற நூலிழைக் குழாயும் சுருங்கலாம்.
சிலருக்கு அப்படி நடக்கிறது.
அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது.
எனக்குப் புரிந்தது.
எங்கள் வயல் கடைமடை.
அணையில் ஷட்டரை இறக்கினால்
முதலில் காய்வது யாருடையது என்று
எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

உயிர் கேட்கிறது. மெய்தான் விழுவதில்லை.
ஆ, ஓ, ஏ எல்லாம் பத்திரமாக வந்து சேர்கின்றன,
அடுத்த தெருவில் யாரோ
ஒப்பாரி வைப்பது போல.
மெய்யே சொல்வேன் என்று சத்தியம் செய்கிறவர்களிடம்
நான் தவறவிடுவது
அதைத்தான்.

இப்போது மேஜையைத் திருப்பிப் போட்டாயிற்று,
இடது காது கூண்டுப் பக்கம்.
வெற்றிலை போட்ட சாட்சிகள்தான் பெரும்பாடு,
உதட்டைப் படிக்க முடிவதில்லை.
பஸ் ஸ்டாப்பில் ஒருநாள்
உச்சிமாகாளி பக்கத்தில் வந்து நின்றார்.
ஒன்பது வருஷம், பேச்சு கிடையாது, அண்ணன், என்றெல்லாம் சொல்லி
"நீங்க ஒண்ணும் தப்பா அடிக்கலம்மா" என்றார்.
அப்படித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.
நாகர்கோவில் வண்டி குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

நேற்றும் வந்தது, ரம்பப் பல் வெளிச்சம்.
நல்ல காதைத் தலையணையில் அமுக்கிக்கொண்டேன்.
வீடு அணைந்துவிட்டது.
மிக்ஸி இல்லை, விசிறி இல்லை, ஊரே இல்லை.
அத்தனை சுகம்.
அந்தச் சுகத்தில் திடுக்கிட்டு
இடிக்கிற தலையைத் தூக்கிக் கூப்பிட்டேன்,
"ஏங்க, இருக்கீங்களா?
கொஞ்சம் நடங்க.
தேய்ச்சே நடங்க."